அடைக்கலம் தந்த வீடுகள்

நிழல் யுத்தம் – 7

சென்ற வாரம் அந்தச் சாலை வளைவில் நிறுத்தியிருந்தோம்.

1942 மே 27, காலை பத்தரை மணி. பிராக் நகரின் லீபென் பகுதியில் ஒரு திறந்த மெர்சிடிஸ் கார் வேகத்தைக் குறைத்துத் திரும்புகிறது. பின்னால் காவல் வண்டி இல்லை. உள்ளே ரைன்ஹார்ட் ஹைட்ரிக். நாஜிகளின் உளவு, போலீஸ் அமைப்புகளைக் கையில் வைத்திருந்தவன். ஐரோப்பிய யூதர்களை அடியோடு அழிக்கும் திட்டத்துக்காக அந்த ஜனவரியில்தான் வான்சே மாளிகையில் அதிகாரிகளைக் கூட்டியிருந்தான். எட்டு மாதமாகச் செக் மண்ணின் அதிபதி. பிரிட்டனில் பயிற்சி பெற்று பாராசூட்டில் குதித்திருந்த வீரர் யோசப் காப்சீக் குறிவைத்து நின்றார். அவருடைய ஸ்டென் துப்பாக்கி சுட மறுத்தது. ஓட்டுநரை முடுக்கித் தப்பியிருக்க வேண்டிய ஹைட்ரிக், காரை நிறுத்தச் சொல்லிக் கைத்துப்பாக்கியோடு எழுந்து நின்றான். அந்த நொடியில் இன்னொரு வீரரான யான் குபிஷ் வீசிய குண்டு பின்சக்கரத்தருகே வெடித்தது. எட்டு நாள் கழித்து, ஜூன் 4 அன்று, காயத்தின் நஞ்சு உடலெங்கும் பரவி அவன் மருத்துவமனையில் செத்தான்.

இந்தக் கதையைச் சொன்ன திரைப்படங்கள் பலவும் இரண்டு வீரர்களைப் பின்தொடர்ந்தே போயிருக்கின்றன. காப்சீக்கும் குபிஷும் அதற்கு முழுத் தகுதி உள்ளவர்கள். ஆனால் மே 27 முதல் ஜூன் 18 வரையான இருபத்து இரண்டு நாட்களை நாள்வாரியாக அடுக்கிப் பார்த்தால், அந்த இருவரைச் சுற்றி ஒரு பெரிய கூட்டம் நிற்பது தெரிகிறது. பள்ளி ஆசிரியர், ரயில்வே ஊழியர், மருத்துவர், பாதிரியார், இல்லத்தரசிகள், பதினான்கு வயதுச் சிறுமி. இந்த வாரம் அவர்களுடைய வாரம்.

ஒரு சைக்கிளும் ஒரு சிறுமியும்

குண்டு வெடித்ததில் குபிஷின் முகத்திலும் சில்லுகள் பாய்ந்தன. கண்ணில் ரத்தம் வழிய, டிராம் பயணிகளை விலக்க வானத்தைப் பார்த்துச் சுட்டுவிட்டு, சைக்கிளில் ஏறிச் சரிவில் இறங்கினார். லீபெனில் ஒரு பாட்டா செருப்புக் கடை வாசலில் சைக்கிளைப் போட்டுவிட்டு, பக்கத்திலிருந்த நோவாக் குடும்பத்தின் வீட்டுக்குள் நுழைந்தார். குடும்பத் தலைவர் ரயில்வேயில் வேலை பார்ப்பவர். காயத்தைக் கழுவி, அவருடைய ரயில்வே சீருடையை மாட்டிவிட்டு குபிஷை வெளியே அனுப்பினார்கள்.

சைக்கிள் மட்டும் கடை வாசலிலேயே கிடந்தது, ரத்தக் கறையோடு. அதை எடுத்து வரத் தாய் தன் மகள் யிந்த்ரிஷ்காவை அனுப்பினார். பெரியவர்கள் போனால் சந்தேகம் வரும் என்ற கணக்கு. சிறுமி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரும்போது வழியில் நின்ற பெண்கள் பார்த்துவிட்டார்கள். ரத்தத்தைப் பற்றிக் கேட்டார்கள். ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு வீடு வந்து சேர்ந்தாள்.

செய்தி நாஜிகளின் ரகசியப் போலீஸான கெஸ்டபோவின் காதுக்குப் போனது. லீபெனில் அந்த வயதுச் சிறுமிகளைத் திரட்டி, ஒவ்வொருத்தியாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாட்சிகளின் முன்னால் நடக்க வைத்தார்கள். யிந்த்ரிஷ்காவும் நடந்தாள். யாரும் அவளை அடையாளம் காட்டவில்லை. பார்த்தவர்களுக்கு உண்மையிலேயே முகம் நினைவில்லையா, தெரிந்தும் வாய்மூடி நின்றார்களா என்பதை இனி யாரும் சொல்ல முடியாது. அவள் வீட்டுக்குத் திரும்பினாள், அன்றைக்கு.

ஒரு கோடியும் ஒரு மிரட்டலும்

தாக்குதல் நடந்த அன்றே நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. ரயில்கள் நின்றன, இரவில் யாரும் வெளியே வரக் கூடாது. படையும் போலீசும் பிராகை வீடு வீடாகச் சல்லடை போட்டன. பத்தாயிரம் செக் மக்களைக் கொல்ல வேண்டும் என்பது ஹிட்லரின் முதல் ஆத்திரம். செக் தொழிற்சாலைகளில் உற்பத்தி படுத்துவிடும் என்று அவனுடைய ஆட்களே எடுத்துச் சொன்ன பிறகுதான் அந்த எண்ணிக்கை கைவிடப்பட்டது. மனிதர்களின் உயிரை டாங்கி உற்பத்திக் கணக்கு காப்பாற்றியது.

துப்புக் கொடுப்பவருக்கு ஒரு கோடி க்ரவுன் பரிசு என்று அறிவித்தார்கள். வென்சஸ்லாஸ் சதுக்கத்தில் இன்னொரு பாட்டா கடையின் கண்ணாடிக்குப் பின்னால், சம்பவ இடத்தில் கிடைத்த பொருட்களைக் காட்சிக்கு வைத்தார்கள். காப்சீக் விட்டுச் சென்ற சைக்கிள், மழைக்கோட்டு, தொப்பி, தோல்பைகள். ஊரே வரிசையில் வந்து பார்த்துவிட்டுப் போனது.

பரிசைவிட வலிமையானது அந்த அறிவிப்பின் மறுபாதி. தாக்கியவர்களுக்கு இடம் கொடுத்தவர், உதவியவர், தெரிந்தும் சொல்லாமல் இருந்தவர், எல்லாரும் குடும்பத்தோடு சுட்டுக்கொல்லப்படுவார்கள். இந்த வாசகத்தைக் கூர்ந்து படியுங்கள். குண்டு வீசியவனுக்கு விஷக் குப்பி உண்டு, பிடிபட்டால் அதைக் கடிக்கலாம். அவனுக்குச் சோறு போட்ட தாயின் முன்னால் அந்தச் சட்டம் அவள் பிள்ளைகளைப் பணயமாக நிறுத்தியது. ஆயுதம் ஏந்தியவனைவிட அடுப்படியில் நின்றவளுக்கு மிரட்டல் கனமானது. நாஜிகள் அதைத் தெரிந்துதான் எழுதினார்கள்.

அப்படியும் மூன்று வாரம் யாரும் வாய் திறக்கவில்லை.

ஆத்திரம் வேறு திசையில் பாய்ந்தது. பிராகுக்கு வடமேற்கே லிடிட்சே என்றொரு சிற்றூர். அங்கிருந்து இரண்டு இளைஞர்கள் பிரிட்டனுக்குப் போய் விமானப் படையில் இருந்தார்கள். அதோடு சந்தேகத்துக்கிடமான ஒரு கடிதம். இவ்வளவுதான் காரணம். தாக்குதலுக்கும் அந்த ஊருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஜூன் 10 அன்று ஊரின் ஆண்கள் 173 பேரை ஒரு பண்ணைத் தோட்டத்தில் வரிசையாக நிறுத்திச் சுட்டார்கள். பெண்களை ராவன்ஸ்புரூக் வதைமுகாமுக்கு அனுப்பினார்கள். குழந்தைகளில் 82 பேர் பின்னர் செல்ம்னோவில் நச்சுவாயு வண்டியில் கொல்லப்பட்டார்கள். வீடுகளை எரித்து, வெடிவைத்துத் தகர்த்து, ஊர்ப் பெயரையே வரைபடத்திலிருந்து நீக்கினார்கள். செய்ததை மறைக்கவும் இல்லை, வானொலியில் அறிவித்தார்கள். இரண்டு பேர் அகப்படவில்லை என்பதற்காக ஓர் ஊரைத் தின்ற பழிவெறி அது.

சூர்தா நடந்து வந்த நாள்

ஜூன் 18-க்குள் தகவல் தருபவருக்கு மன்னிப்பு உண்டு என்று கெஸ்டபோ கெடு வைத்திருந்தது. 16ஆம் தேதி, பிராகில் கெஸ்டபோ தலைமையகமான பெட்செக் மாளிகைக்குள் ஒருவன் தானாகவே நடந்து வந்தான். பெயர் கரெல் சூர்தா. பிரிட்டனில் பயிற்சி பெற்று, பாராசூட்டில் குதித்த வீரர்களில் ஒருவன். தாக்குதலுக்குப் பிறகு தன் தாய் வீட்டில் பதுங்கியிருந்தவன்.

காப்சீக்கும் குபிஷும் எங்கே இருக்கிறார்கள் என்பது அவனுக்குத் தெரியாது. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் வீடுகள். எந்தத் தெருவில் எந்தக் கதவைத் தட்டினால் படுக்கை கிடைக்கும் என்பது தெரியும், அவனும் அங்கெல்லாம் தங்கியவன் என்பதால். அந்த முகவரிகளைத்தான் ஒவ்வொன்றாகச் சொன்னான்.

தன் குடும்பத்துக்கு லிடிட்சேயின் கதி வந்துவிடும் என்ற அச்சம் அவனை உலுக்கியது என்பதை நான் நம்புகிறேன். அந்த அச்சம் பொய்யானதல்ல. ஆனால் அதே அச்சம் நோவாக் வீட்டிலும் இருந்தது, அவன் காட்டிக்கொடுத்த ஒவ்வொரு வீட்டிலும் இருந்தது. பயிற்சியும் ஆயுதமும் பெற்ற வீரனால் தாங்க முடியாததை அந்த வீட்டுப் பெண்கள் தாங்கினார்கள். சூர்தாவை மன்னிக்க முடியாமல் செய்வது அதுதான்.

அவன் சொன்ன முகவரிகளில் ஒன்று ஜிஜ்கோவ் பகுதியில் இருந்த மொராவெக் குடும்பத்தின் வீடு. மரியே மொராவ்ட்சோவாவை வீரர்கள் எல்லாரும் 'அத்தை' என்றுதான் கூப்பிடுவார்கள். மூத்த மகன் பிரிட்டனில் விமானப் படையில் இருந்தான். இளையவன் ஆதா, இருபத்தொரு வயது, வீரர்களுக்குத் தூது போகிறவன். வந்தவர்களுக்குத் துணி, உணவு, தங்க அடுத்த வீடு என எல்லாவற்றையும் ஏற்பாடு செய்வது அத்தையின் வேலை.

ஜூன் 17 விடியற்காலை கெஸ்டபோ உள்ளே புகுந்தது. மரியே கழிவறைக்குப் போக அனுமதி கேட்டார். உள்ளே போய் சயனைடைக் கடித்தார். கதவை உடைத்தபோது உயிர் பிரிந்துகொண்டிருந்தது. அவரிடமிருந்து ஒரு பெயரும் வாங்க முடியவில்லை.

கணவரையும் ஆதாவையும் இழுத்துப் போனார்கள். ஆதா நாள் முழுவதும் சித்திரவதையைத் தாங்கினான். கடைசியில் அவனுடைய தாயின் வெட்டிய தலையை அவன் முன் கொண்டுவந்து வைத்தார்கள் என்று பின்னாளில் சாட்சியம் பதிவாகியிருக்கிறது. அதன் பிறகே அவன் உடைந்தான். ஆபத்து வந்தால் தேவாலயத்தின் நிலவறைக்குப் போ என்று தாய் சொல்லியிருந்ததைச் சொன்னான். அந்தப் பிள்ளையை யாரும் துரோகி என்று எழுதுவதில்லை. எழுதவும் கூடாது.

ரெஸ்லோவா தெரு

ரெஸ்லோவா தெருவில் இருக்கிறது புனித சிரில், மெத்தோடியஸ் தேவாலயம். கிழக்கு மரபுக் கிறிஸ்தவர்களின் கோயில். சபைத் தலைவர் யான் சோன்னவெண்டும் பாதிரியார் விளாதிமீர் பெட்ரெக்கும் காப்சீக், குபிஷ் உட்பட ஏழு வீரர்களை அங்கே ஒளித்து வைத்திருந்தார்கள். நிலவறையில் சவப்பெட்டிகள் வைப்பதற்காகச் சுவரில் குடைந்த மாடங்களே படுக்கை. ஜூன் மாதத்திலும் உடலை விறைக்க வைக்கும் குளிர். ஆயர் கொராஸ்துக்கு முதலில் எதுவும் தெரியாது. தெரிந்தபோது தன் சபைக்கே ஆபத்து என்று கலங்கினார். ஆனால் காட்டிக்கொடுக்கவில்லை.

ஜூன் 18, அதிகாலை நான்கே கால். எழுநூறுக்கும் மேற்பட்ட எஸ்.எஸ். படையினர் தேவாலயத்தைச் சூழ்ந்தார்கள். தேவாலயத்தின் மேல்தளத்தில் காவலிருந்தவர்கள் மூன்று பேர்: குபிஷ், அடோல்ஃப் ஓபால்கா, யோசப் புப்லீக். கைத்துப்பாக்கிகளை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாக்குப்பிடித்தார்கள். குண்டுக் காயங்களில் ரத்தம் வடிந்து குபிஷ் இறந்தார். இன்னும் ஆறு நாளில் அவருக்கு இருபத்தொன்பது வயது நிறைந்திருக்கும்.

நிலவறையில் மீதி நான்கு பேர்: காப்சீக், யோசப் வால்சீக், யான் ஹ்ரூபி, யாரோஸ்லாவ் ஷ்வார்ட்ஸ். தெருவைப் பார்த்த சிறு காற்றுத் திறப்பு ஒன்றைத் தவிர வழியில்லை. சரணடையச் சொல்லிக் கூவ சூர்தாவையே அழைத்து வந்தார்கள். பதிலாகத் துப்பாக்கிச் சத்தம் வந்தது. கண்ணீர்ப் புகை குண்டுகள் போட்டார்கள். தீயணைப்பு வண்டிகளைக் கொண்டுவந்து திறப்பின் வழியாகத் தண்ணீரைப் பாய்ச்சினார்கள். உள்ளிருந்தவர்கள் ஏணியால் குழாய்களை வெளியே தள்ளினார்கள். சாக்கடைக்குப் போக வழி கிடைக்குமா என்று சுவரை இடித்துப் பார்த்தார்கள். தண்ணீர் ஏறியது, தோட்டா தீர்ந்தது. ஆளுக்கொன்றாகக் கடைசித் தோட்டாவைத் தங்களுக்கு வைத்துக்கொண்டார்கள். நண்பகல் நெருங்கும்போது எல்லாம் முடிந்திருந்தது. ஏழு பேரில் ஒருவரையும் கெஸ்டபோவால் விசாரிக்க முடியவில்லை.

கணக்கு முடியவில்லை

தேடப்பட்டவர்கள் செத்துவிட்டார்கள். பழிவாங்கல் அதோடு நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை.

ஜூன் 24: லெஜாக்கி என்ற குக்கிராமம். வீரர்களின் வானொலிக் கருவி அங்கே இயங்கியது. பெரியவர்கள் 33 பேரைச் சுட்டுக்கொன்றார்கள். செப்டம்பரில் ஆயர் கொராஸ்த், பெட்ரெக், சோன்னவெண்ட், அவர்களோடு இன்னொரு பாதிரியார் வாட்ஸ்லாவ் சிக்ல், கோபிலிசி துப்பாக்கித் திடலில் கொல்லப்பட்டார்கள். முழுப் பொறுப்பும் தன்னுடையது, தண்டனை எதுவானாலும் தனக்கே தாருங்கள் என்று அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதியிருந்தார் ஆயர். முதலில் எதுவும் தெரியாதிருந்த மனிதர் கடைசியில் எல்லாவற்றையும் தன் தோளில் ஏற்றிக்கொண்டார். அவரது சபை தடை செய்யப்பட்டது.

அக்டோபர் 24: மௌத்தவுசென் வதைமுகாம். மருத்துவப் பரிசோதனை, உயரம் அளக்க வேண்டும் என்று சொல்லி ஒவ்வொருவராக உள்ளே அழைத்தார்கள். அளவுகோலில் சாய்ந்து நின்றதும் பின்னால் மறைந்திருந்தவன் கழுத்தில் சுட்டான். அந்த ஒரு நாளில் 262 பேர். வீரர்களின் உறவினர்கள், இடம் கொடுத்தவர்கள், சோறு போட்டவர்கள். ஆதா அவர்களில் ஒருவன், அவனுடைய தந்தை இன்னொருவர். நோவாக் குடும்பமும் அந்த வரிசையில் நின்றது. சைக்கிளை எடுத்து வந்த யிந்த்ரிஷ்காவுக்கு வயது பதினான்கு.

சூர்தா புதுப் பெயரில், பரிசுப் பணத்தில், ஜெர்மானியனாக வாழ்ந்தான். போர் முடிந்ததும் பிடிபட்டான். 1947 ஏப்ரலில் பிராகின் பங்க்ராட்ஸ் சிறையில் தூக்கிலிடப்பட்டான்.

உளவுக் கதைகளைப் படிக்கும்போது நம் கண் ஓடுகிறவர்களின் பின்னாலேயே போகிறது. ஓடுகிறவர்களுக்குக் கதவு திறந்தவர்கள் அதே வீட்டில், அதே பெயரில், அண்டை அயலாரின் நடுவே தங்கியாக வேண்டும். குதித்து வந்தவர்கள் தாமாக முன்வந்து பயிற்சி எடுத்தவர்கள். கதவு திறந்தவர்களுக்கு யோசிக்கக் கிடைத்தது தட்டும் சத்தத்துக்கும் தாழ்ப்பாளுக்கும் இடையிலான நேரம் மட்டுமே. அவர்களைத் துணைப் பாத்திரங்களாக எழுதுவது வரலாற்றுக்குச் செய்கிற அநியாயம். ஹைட்ரிக்கைக் கொன்ற படையில் ஏழு பேர் அல்ல, நூற்றுக்கணக்கானவர்கள் இருந்தார்கள். மரியே மொராவ்ட்சோவாவும் யிந்த்ரிஷ்காவும் அந்தப் படையின் வீரர்கள்.

அப்படியானால் இத்தனை உயிர்களைப் பணயம் வைத்த உத்தரவு யாருடையது? தாக்குதலுக்கு முன், அந்த மே மாதத்திலேயே, பிராகிலிருந்த எதிர்ப்பியக்கத்தினர் லண்டனுக்கு வானொலிச் செய்தி அனுப்பி, வேண்டாம், எங்கள் மக்கள் தாங்கமாட்டார்கள் என்று மன்றாடியிருந்தார்கள். லண்டனில் இருந்த செக்கோஸ்லோவாக்கிய அதிபர் எட்வர்ட் பெனெஷின் அரசு திட்டத்தைக் கைவிடவில்லை. ஆகஸ்ட் 5 அன்று, செக்கோஸ்லோவாக்கியாவைக் கூறுபோட்ட மூனிக் ஒப்பந்தம் இனி தன்னைக் கட்டுப்படுத்தாது என்று பிரிட்டன் அறிவித்தது. அந்த அறிவிப்புக்கும் லிடிட்சேயின் சாம்பலுக்கும் என்ன உறவு, அந்த விலை நியாயமா என்பதை அடுத்த வாரம் லண்டனுக்குப் போய்ப் பார்ப்போம்.

(தொடரும்)