ஹக் நொதி: காற்றிலுள்ள ஹைட்ரஜனைப் பயன்படுத்தும் பாக்டீரியப் புரதம்

ஹக் என்பது மைக்கோபாக்டீரியம் ஸ்மெக்மாட்டிஸ் என்னும் மண் பாக்டீரியாவில் உள்ள ஒரு ஹைட்ரஜனேஸ் நொதி ஆகும். ஹைட்ரஜன் மூலக்கூறை இரண்டு புரோட்டான்களாகவும் இரண்டு எலக்ட்ரான்களாகவும் பிரிப்பது இதன் வேலை. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரிலுள்ள மோனாஷ் பல்கலைக்கழகத்தின் ரைஸ் கிரின்டர், ஆஷ்லி கிராப், கிறிஸ் கிரீனிங் ஆகியோரின் குழு இந்த நொதியைத் தூய்மைப்படுத்தி ஆராய்ந்தது. அதன் முடிவுகள் 2023 மார்ச்சில் நேச்சர் இதழில் வெளியாயின.

பின்னணி

ஹைட்ரஜனைக் கையாளும் பாக்டீரிய நொதிக்கு ஹைட்ரஜனேஸ் என்ற பெயரை 1931இல் கேம்பிரிட்ஜில் மார்ஜரி ஸ்டீபன்சனும் லியனார்ட் ஸ்டிக்லாண்டும் வழங்கினர். அதன்பின் இவ்வகை நொதிகள் பல தூய்மைப்படுத்தப்பட்டன. ஆனால் பெரும்பாலானவற்றில் ஒரே தொல்லை இருந்தது. ஆக்சிஜன் பட்டால் அவை செயலிழந்துவிடும். ஆகவே காற்றுப் புகாத பெட்டிக்குள் கைவிட்டுத்தான் வேலை செய்ய வேண்டியிருந்தது.

காற்றில் ஹைட்ரஜன் ஏறத்தாழ பத்து லட்சத்தில் 0.53 பங்கு மட்டுமே உண்டு. ஆக்சிஜனோ 21 விழுக்காடு. அதாவது ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறுக்குச் சுமார் 4 லட்சம் ஆக்சிஜன் மூலக்கூறுகள். இந்தக் கூட்டத்தில் ஹைட்ரஜனை மட்டும் தேடிப் பிடிக்க முடியுமா என்பதே கேள்வி.

மண்ணில் வாழும் பாக்டீரியாக்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. நயினார்கோவில் வட்டாரம் போன்ற வானம் பார்த்த நிலங்களில் கண்மாய் வற்றி, பயிர் அறுவடையாகி, மண் வெடித்துக் கிடக்கும் மாதங்களை எண்ணிப் பார்க்கலாம். அப்படிப்பட்ட காலத்தில் உணவு கிடைக்காத நுண்ணுயிர்கள் வளராமல் உறக்க நிலைக்குச் செல்கின்றன. உறங்கினாலும் உயிரைத் தக்கவைக்கச் சிறிதளவு ஆற்றல் வேண்டும். மைக்கோபாக்டீரியம் ஸ்மெக்மாட்டிஸ் பட்டினி கிடக்கும்போது காற்றின் ஹைட்ரஜனை உட்கொள்கிறது என்பது 2014இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. காச நோய்க் கிருமியின் உறவான இந்தப் பாக்டீரியா வேகமாக வளரும், பெரும்பாலும் தீங்கற்றது. எனவே ஆய்வகங்களில் அதிகம் பயன்படுகிறது.

ஆயினும் உயிருள்ள செல்லில் கிடைத்த சான்று போதாது. காற்றின் ஹைட்ரஜனைப் பிடிக்கும் திறன் நொதிக்கே உரியதா, அல்லது செல்லின் சுவாசச் சங்கிலி எலக்ட்ரான்களை இடைவிடாது இழுப்பதால் வருவதா என்று அதில் பிரித்தறிய இயலாது. நொதியைத் தனியே எடுத்தால்தான் விடை கிடைக்கும்.

தூய்மைப்படுத்துதல்

பாக்டீரியாவின் மரபணுவில் சிறு மாற்றம் செய்து, ஹக் நொதியின் ஒரு துணையலகோடு அமினோ அமிலங்களாலான சிறு ஒட்டு ஒன்று சேர்க்கப்பட்டது. பாக்டீரியாவை வளர்த்து, செல்களை உடைத்து, அந்தச் சாற்றை ஒரு நிரலின் வழியே செலுத்தினர். ஒட்டு கொண்ட புரதம் மட்டும் நிரலில் பிடித்துக்கொள்ள, மற்றவை வழிந்து வெளியேறின. பின்பு பிடித்திருந்ததை விடுவித்து, மூலக்கூறுகளை அளவின்படி பிரிக்கும் இன்னொரு நிரலில் செலுத்தித் தூய நொதி பெறப்பட்டது. இவையெல்லாம் திறந்த காற்றிலேயே நடந்தன. பழைய ஹைட்ரஜனேஸ்களோடு மல்லாடியவர்களுக்கு இதுவே வியப்பாக இருந்திருக்கும்.

இயல்புகள்

கிடைத்தது வேலை செய்யும் நொதிதானா என்று அறிய ஓர் எளிய வழி உண்டு. புரதத்தை இயல்பு குலையாமல் ஜெல்லில் ஓடவிட்டு, ஹைட்ரஜன் சூழலில் நிறமேற்றியில் ஊறவைக்க வேண்டும். நொதி பிடுங்கும் எலக்ட்ரான்களை நிறமேற்றி ஏற்கும்போது அந்த இடம் ஊதா நிறப் பட்டையாகத் தெரியும்.

முக்கியமான சோதனை வேறு. மூடிய குப்பியில் நொதியை வைத்து, எலக்ட்ரானை ஏற்க மெனாடியோன் சேர்த்து, மேலுள்ள வாயுவைப் பல நேரங்களில் எடுத்து அளந்தனர். ஹைட்ரஜன் காற்றில் உள்ள அளவுக்கும் கீழே இறங்கியது. செல் இல்லை, சவ்வு இல்லை, சுவாசச் சங்கிலி இல்லை. இருந்தும் நொதி தன் வேலையைச் செய்தது. ஆக, அந்தத் திறன் நொதிக்கே உரியது. உறையவைத்தாலும் 80 பாகை செல்சியசு வரை சூடாக்கினாலும் அது தாங்கியது.

காரணத்தை உறைகுளிர் எலக்ட்ரான் நுண்ணோக்கி காட்டியது. 1.52 ஆங்ஸ்ட்ராம் நுணுக்கத்தில் கிடைத்த படத்தில், நிக்கலும் இரும்பும் கொண்ட வினைமையத்துக்குச் செல்லும் வாயுப் பாதைகள் மிகக் குறுகலாக இருந்தன. சிறிய ஹைட்ரஜன் நுழைகிறது, பெரிய ஆக்சிஜன் தடுக்கப்படுகிறது. 833 கிலோடால்டன் எடையுள்ள இந்தக் கூட்டுப்புரதத்தில், ஒரு நடுத்தண்டைச் சுற்றி எட்டு ஹைட்ரஜனேஸ் அலகுகள் பூவிதழ்கள்போல் அமைந்துள்ளன. அந்தத் தண்டு செல் சவ்விலிருந்து மெனாகுயினோனை நொதியின் உள்ளே கொண்டுவருகிறது. அதுவே எலக்ட்ரான்களை ஏற்றுச் செல்கிறது.

பயன்பாடு

"காற்றிலிருந்து மின்சாரம்" என்ற தலைப்புகளில் செய்தி பரவியது. கணக்குப் பார்த்தால் ஆவல் சற்றுத் தணியும். ஒரு கன மீட்டர் காற்றில் உள்ள ஹைட்ரஜன் அரை மில்லிலிட்டர் அளவே. அதை முழுவதும் ஆக்சிஜனேற்றினாலும் கிடைப்பது ஏறத்தாழ 5 ஜூல். 9 வாட் எல்இடி விளக்கு அரை நொடி எரியும். ஹைட்ரஜனைக் கூடுதலாக அளித்தால் கிடைக்கும் மின்னோட்டமும் கூடும். ஆகவே, ஆக்சிஜனுக்கு அஞ்சாத இந்த நொதியைச் சிறு கருவிகளுக்கான மின்கலங்களில் விலையுயர்ந்த பிளாட்டினத்துக்கு மாற்றாகப் பயன்படுத்த முடியுமா என்ற திசையில் எதிர்பார்ப்பு உள்ளது. அதற்கு நொதியைப் பேரளவில் உற்பத்தி செய்ய வேண்டும்.