டிவி மேக்ஓவரில் வயரிங் எங்கே போகிறது? சாம்பியன் ரீப்ஸ் லைன் வீட்டில் அதைப் பார்த்துச் செய்தால் என்ன ஆகும்?

வீட்டைப் புதுப்பிக்கும் டிவி நிகழ்ச்சிகளை விடாமல் பார்ப்பவரா நீங்கள்? அப்படியானால் இந்தக் கட்டம் உங்களுக்கு மனப்பாடமாகவே இருக்கும். சம்மட்டியால் சுவரை உடைக்கிறார்கள். உள்ளே பழைய வயர் தெரிகிறது. வீட்டுக்காரர் முகம் வாடுகிறது, பட்ஜெட் எகிறுகிறது, விளம்பர இடைவேளை. திரும்பி வந்தால் பூச்சு முடிஞ்சாச்சு, பெயிண்ட் அடிச்சாச்சு, தொங்கும் விளக்கு எரியுது. நடுவில் எலக்ட்ரீஷியன் என்ன செய்தார் என்பது திரையில் இல்லை.

இதில் சதி எதுவும் கிடையாது. நல்ல வயரிங் என்பதே கண்ணுக்குத் தெரியாத வேலை. மீட்டர் வைத்து அளப்பதை யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்? அமெரிக்காவின் 'எக்ஸ்ட்ரீம் மேக்ஓவர்: ஹோம் எடிஷன்' 7 நாளில் ஒரு வீட்டையே எழுப்பிக் காட்டியது. அங்கே ராத்திரி பகலாக உழைத்த பெரும் பட்டாளம் இருந்தது. நம் மனதில் தங்குவது அந்த '7 நாள்' மட்டும்தான்.

விதிவிலக்கும் உண்டு. கனடாவின் 'ஹோம்ஸ் ஆன் ஹோம்ஸ்' நிகழ்ச்சியே, மற்றவர்கள் அரைகுறையாகச் செய்துவிட்டுப் போன வேலையைப் பிரித்துச் சரி செய்வதுதான்.

பாதுகாப்பைக் காட்டாமல் விடுவது சட்டப் பிரச்னையாகவும் ஆகலாம். 'ஃபிக்சர் அப்பர்' நிகழ்ச்சியை நடத்திய தம்பதியின் நிறுவனத்துக்கு 2018-ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 40,000 டாலர் அபராதம் விதித்தது. பழைய வீடுகளில் ஈயம் கலந்த பெயிண்டைக் கையாளும்போது பின்பற்ற வேண்டிய முறைகள் நிகழ்ச்சியின் காட்சிகளில் காணோமே என்றுதான் விசாரணை தொடங்கியது. அது பெயிண்ட் விவகாரம், கரண்ட் இல்லை. ஆனால் எடிட்டிங்கில் எது முதலில் வெட்டுப்படும் என்பதற்கு நல்ல உதாரணம்.

சாம்பியன் ரீப்ஸில் ஏன் இந்தப் பேச்சு?

கோலார் தங்கவயலுக்கும் மின்சாரத்துக்கும் பழைய உறவு. 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து இங்கே கரண்ட் கொண்டுவந்தார்கள். பெங்களூருக்கு அது கிடைத்தது 1905-ல்! ஆனால் அந்த மின்சாரம் வந்தது சுரங்க இயந்திரங்களுக்காக. சாம்பியன் ரீப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போனது. அங்கிருந்து ஆளையும் பாறையையும் தூக்க வேண்டுமே.

சுரங்கம் 2001-ல் மூடப்பட்டது. தொழிலாளர்களின் லைன் வீடுகள் நிற்கின்றன. பல வீட்டுக்காரர்கள் தினமும் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய் வருகிறார்கள். அங்கே ஃபிளாட்டில் பார்க்கும் ஃபால்ஸ் சீலிங், ஸ்பாட் லைட் மேல் ஆசை வருவது இயல்பு. அதில் தப்பே இல்லை. ஆனால் ஒரு லைன் வீட்டின் உடம்பு வேறு.

டிவியில் வரும் அமெரிக்க வீடு பெரும்பாலும் மரச் சட்டமும் ஜிப்சம் பலகையும். வயரைச் சட்டத்தில் ஆணி வைத்துக் கட்டினால் போதும். நம்ம வீடு கல், செங்கல், மண். சுவரை வெட்டி, பைப் பதித்து, பூசி, காய விட வேண்டும். தகரக் கூரை என்றால் இன்னொரு கவலை: தெருக் கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் வயர் தகர விளிம்பில் உரசி உரிந்தால், மழை நாளில் கூரை முழுக்க ஷாக் அடிக்கும். அதன் அடியில் ஃபால்ஸ் சீலிங் போட்டுவிட்டால் எலி கடித்த வயரும் டேப் சுற்றிய ஜாயின்ட்டும் கண்ணிலேயே படாது.

நிறத்தைக் கவனியுங்கள், இதுதான் எனக்கு அதிகம் பயம் தருவது. அமெரிக்க வீடியோவில் கறுப்பு வயர் ஃபேஸ். நம்ம ஊர் வழக்கில் கறுப்பு நியூட்ரல். இன்றைய பிரிட்டிஷ் வயரிங்கில் நீலம் நியூட்ரல். இங்கே நீலம் மூன்று ஃபேஸ்களில் ஒன்று. வீடியோவைப் பார்த்து, நிறத்தை நம்பிக் கை வைத்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அங்கே சாதாரண பிளக்கில் 120 வோல்ட், இங்கே 230. உடம்பு அதேதான், ஆக பாயும் கரண்ட் ஏறத்தாழ இரண்டு மடங்கு.

எம்சிபி இருக்கே, போதாதா?

போதாது. ஒரு சின்னக் கணக்கு. உடம்பின் மின்தடை சுமார் 1,500 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 230-ஐ 1,500-ஆல் வகுத்தால் சுமார் 150 மில்லிஆம்பியர். இதயத் துடிப்பைக் குலைக்க இது தாராளம். ஆனால் 6 ஆம்பியர் எம்சிபிக்கு இது ஒரு பொருட்டே இல்லை. அது வயரைக் காக்க வந்த சாதனம், 6,000 மில்லிஆம்பியருக்குக் கீழே அசையாது. பழைய பீஸ் கட்டையில் தடித்த கம்பி போட்டிருந்தால் இன்னும் மோசம்.

ஆளைக் காப்பது ஆர்சிசிபி. ஃபேஸில் போன கரண்ட் முழுதாக நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லிஆம்பியர் குறைந்தாலே கண் சிமிட்டும் நேரத்தில் துண்டித்துவிடும். எந்த மேக்ஓவரிலாவது இதை க்ளோஸ்-அப்பில் பார்த்த ஞாபகம் உங்களுக்கு உண்டா?

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளின்படி 2021, 2022 ஆகிய இரு ஆண்டுகளிலும் இந்தியாவில் மின்சாரம் தாக்கி இறந்தவர்கள் 12,000-க்கும் மேல். நாளுக்கு 33 பேருக்குக் குறையாது. இதில் வயல், மின்கம்பம், தொழிற்சாலை எல்லாம் சேர்த்திதான். வீட்டு வயரிங் மட்டும் என்று வாசிக்கக் கூடாது.

வேலை கொடுக்கும் முன்

தங்கவயல் இருப்பது பெஸ்காம் எல்லைக்குள். வயரிங் வேலையை, உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர்தான் எடுத்துச் செய்ய வேண்டும் என்பது விதி. உரிமம் தருவது கர்நாடக மின் ஆய்வுத் துறை. 'தெரிஞ்ச பையன்தான், நல்லா பண்ணுவான்' என்றாலும் உரிம எண்ணைக் கேளுங்கள். சுவர் பூசும் முன் பைப் போகும் பாதையை மொபைலில் படம் எடுத்து வையுங்கள். நாளைக்கு ஆணி அடிக்கும்போது உதவும். வேலை முடிந்ததும் டெஸ்டர் எரியுதா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுக்காதீர்கள். மெக்கர் வைத்து 500 வோல்ட்டில் ஒரு நிமிடம் சோதித்தால், வயருக்கும் எர்த்துக்கும் இடையே குறைந்தது 1 மெகாஓம் வர வேண்டும். அந்த எண்ணைத் தாளில் எழுதி வாங்குங்கள்.