“புரிந்ததா?” என்று கேட்டால் போதுமா?

“புரிந்ததா?”

வகுப்பு முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது எங்கள் பௌதிகப் பேராசிரியை தினந்தோறும் இந்தக் கேள்வியைக் கேட்பார். நாங்கள் அறுபது பேரும் ஒரே தாளத்தில் தலையை ஆட்டுவோம். அவர் திருப்தியுடன் சாக்பீஸைக் கீழே வைப்பார். மணி அடிக்கும். எல்லாம் சுபமாக முடிந்துவிடும்.

ஆடிய அறுபது தலைகளில் என் தலையும் ஒன்று. அது ஆடியதற்கும் எனக்குப் புரிந்ததற்கும் யாதொரு சம்பந்தமும் கிடையாது என்பதை இத்தனை வருஷம் கழித்து ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் சிநேகிதியின் சமாசாரம் வேறு. கிராமத்துப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்தவள். அந்தப் பள்ளியிலேயே முதல் மார்க் வாங்கியவள். தினமும் இரண்டு பஸ் மாறிக் கல்லூரிக்கு வருவாள். ஒரு நாள் சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தபோது, வகுப்பில் எனக்கு விளங்காத நிலைமம் என்ற விஷயத்தை அவள் விளக்கினாள். “டிரைவர் பிரேக் போட்டா பஸ் நின்னுடுது. ஆனா உன் உடம்பு இன்னும் போயிக்கிட்டேதான் இருக்கு. அதனாலதான் முன்னால இருக்கிற பாட்டி மேல போய் விழறே!” அவ்வளவுதான். ஒரு வாரமாகப் பலகையில் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு நிமிஷத்தில் மண்டைக்குள் ஏறிவிட்டது.

“இதை நீ வகுப்பிலே சொல்லக் கூடாதாடி?” என்று கேட்டேன்.

“இங்கிலீஷ்ல எப்படிடீ சொல்றது?” என்று சிரித்தாள்.

முதல் வருஷப் பரீட்சையில் அவளுக்கு மூன்று பேப்பர் போயிற்று. இரண்டாம் வருஷம் அவள் கல்லூரிக்கு வரவில்லை.

அந்தப் பேராசிரியையைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. அவர் நல்லவர், ஒரு நாளாவது தயார் செய்யாமல் வகுப்புக்கு வந்தது கிடையாது. புரிந்ததா என்று அவர் கேட்டார். புரிந்தது என்று நாங்கள் சொன்னோம். உண்மை அவருக்கு வேறு எப்படித் தெரியும்?

‘வேறு எப்படி?’ என்ற இந்தக் கேள்வியைச் சில கல்லூரி ஆசிரியர்கள் தங்களுக்குள் மனம் விட்டுப் பேசியிருக்கிறார்கள். அதனால் விளைந்த நன்மை கொஞ்சமல்ல. நம் வீட்டிலிருந்து ஒரு பெண்ணோ பிள்ளையோ கல்லூரிக்குப் போகும்போது அந்தக் கதை நமக்கும் தெரிந்திருப்பது நல்லது.

சாத்திய கதவு

ரசம் சரியாக வரவில்லை என்றால் நாம் என்ன செய்கிறோம்? அடுத்த வீட்டு மாமியிடம் போய், “புளி கூடிப்போச்சா, பருப்புத் தண்ணி குறைஞ்சுபோச்சா, தெரியலையே!” என்று கேட்கிறோம். மாமியும் தன் வீட்டில் போன வாரம் நடந்த விபத்தைச் சொல்கிறாள். இரண்டு வீட்டு ரசமும் தேறிவிடுகிறது.

கல்லூரி ஆசிரியரின் தொழிலில் இது அத்தனை சுலபம் இல்லை. மணி அடித்ததும் அவர் வகுப்புக்குள் போகிறார், கதவு சாத்தப்படுகிறது. உள்ளே நடப்பதை இன்னொரு ஆசிரியர் பார்ப்பதில்லை. ஆசிரியர் அறையில் பரீட்சைப் பேப்பரைப் பற்றிப் பேசுவார்கள். பஞ்சப்படியைப் பற்றிப் பேசுவார்கள். “இன்று நான் ஒரு மணி நேரம் பேசினேன்; ஒருவருக்கும் புரியவில்லை” என்று யார் சொல்லிக்கொள்வார்கள்? கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே!

அந்தக் கௌரவத்தைச் சற்றே ஒதுக்கி வைத்தவர் எரிக் மஸூர் என்ற பேராசிரியர்.

லாரியும் காரும்

மஸூர் ஹாலந்து தேசத்தில் பிறந்தவர். அமெரிக்காவில் ஹார்வர்டு சர்வகலாசாலையில் 1984-ஆம் வருஷம் முதல் பௌதிகம் கற்பித்து வந்தார். டாக்டர் படிப்புக்குத் தயாராகும் மாணவர்கள் அவர் வகுப்பில் நிறைய இருந்தார்கள். கடினமான கணக்குகளையெல்லாம் அநாயாசமாகப் போட்டார்கள். வருஷக் கடைசியில் ஆசிரியரைப் பற்றி அபிப்பிராயம் கேட்டால் ‘பிரமாதம்’ என்று எழுதிக் கொடுத்தார்கள். தாம் மிக நல்ல ஆசிரியர் என்று அவர் நம்பிக்கொண்டிருந்ததில் ஆச்சரியம் என்ன?

1990-ஆம் வருஷம் ஒரு கட்டுரை அவர் கண்ணில் பட்டது. அரிஸோனா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இப்ராஹிம் ஹல்லூன், டேவிட் ஹெஸ்டனிஸ் என்ற இருவரும் 1985-இல் பௌதிக ஆசிரியர்களுக்கான ஒரு பத்திரிகையில் எழுதியது அது. கல்லூரியில் பௌதிகம் படித்து முடித்த பிறகும் பெரும்பாலான மாணவர்கள், பொருள்கள் எப்படி நகர்கின்றன என்பது பற்றிப் பழைய எண்ணங்களையே வைத்திருக்கிறார்கள் என்று அவர்கள் கண்டிருந்தார்கள். அதைக் கண்டுபிடிப்பதற்கு ஒரு பரீட்சையும் தயார் செய்திருந்தார்கள். அதில் சூத்திரம் கிடையாது, கணக்குக் கிடையாது. எல்லாம் சாதாரணப் பேச்சில் அமைந்த கேள்விகள்.

மாதிரிக்கு ஒன்று: பெரிய லாரி ஒன்றும் சின்னக் கார் ஒன்றும் எதிரெதிரே வந்து மோதுகின்றன. லாரி காரின் மீது செலுத்தும் விசை அதிகமா, கார் லாரியின் மீது செலுத்தும் விசை அதிகமா?

வாசக நேயர்களே, நீங்கள் என்ன சொல்வீர்கள்? ‘லாரிதான்!’ என்று சொல்லத் தோன்றும். ஆனால் நியூட்டனின் விதிப்படி இரண்டு விசையும் சமம். கார் இலேசானது, அதனால் அதே விசை அதை அதிகமாக உலுக்கி நொறுக்கிவிடுகிறது.

‘என் மாணவர்களிடம் இந்தப் பரீட்சை பலிக்காது, அவர்கள் கெட்டிக்காரர்கள்’ என்று மஸூர் எண்ணினார். ஆனாலும் வைத்துப் பார்த்தார். அப்போது ஒரு மாணவர் அவரிடம், “இதற்கு நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி பதில் எழுத வேண்டுமா, அல்லது நான் நினைக்கிறபடி எழுத வேண்டுமா?” என்று கேட்டாராம்!

மாணவர்களின் மூளையில் பௌதிகம் இரண்டாக இருந்தது. ஒன்று பரீட்சைக்கு, இன்னொன்று உலகத்துக்கு. ஹார்வர்டிலும் பலர் லாரிக்கே ஓட்டுப் போட்டுவிட்டார்கள்.

பக்கத்தில் இருப்பவரிடம் கேளுங்கள்

மஸூர் அந்தக் கேள்விகளில் ஒன்றை வகுப்பில் எடுத்து விளக்கினார். முகங்களைப் பார்த்தார்; தெளிவு இல்லை. வேறு விதமாக மறுபடியும் விளக்கினார், இன்னும் மோசம். இனிமேல் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்ற நிலையில், “நீங்களே ஒருவருக்கொருவர் பேசிப் பாருங்கள்” என்று சொல்லிவிட்டார்.

வகுப்பு சந்தைக்கடை ஆகிவிட்டது. ஆனால் சில நிமிஷங்களில் விஷயம் அவர்களுக்கு விளங்கிவிட்டது. கற்றுத் தேர்ந்த பேராசிரியரால் இரண்டு முறை முயன்றும் முடியாததைப் பக்கத்தில் இருந்த பையன் எப்படிச் செய்தான்?

மஸூர் யோசித்துச் சொன்ன காரணம் எனக்கு என் பஸ் நிறுத்தத்தை ஞாபகப்படுத்தியது. ஆசிரியர் அந்த விஷயத்தைப் படித்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது; அது எங்கே இடறும் என்பது அவருக்கு மறந்துபோயிற்று. இப்போதுதான் தட்டித் தடுமாறிப் புரிந்துகொண்டவனுக்கு அந்தக் கல் இருக்கும் இடம் நன்றாகத் தெரியும்.

அதிலிருந்து அவர் வகுப்பு நடத்தும் முறையே மாறிவிட்டது. கொஞ்ச நேரம் பேசுவார். பிறகு ஒரு கேள்வி போடுவார். ஒவ்வொருவரும் முதலில் தாமாக யோசித்துப் பதில் சொல்ல வேண்டும். அப்புறம், தம்மோடு ஒத்துப்போகாத ஒருவரைப் பிடித்து வாதாட வேண்டும். அதன் பிறகு மறுபடியும் பதில். எத்தனை பேர் மாறியிருக்கிறார்கள் என்பது அங்கேயே தெரிந்துவிடும். வெறும் தலையாட்டலுக்கு அங்கே வேலை இல்லை.

இதை அவர் ரகசியமாக வைத்துக்கொள்ளவில்லை. தம் கேள்விகளையும், தாம் ஏமாந்த கதையையும் சேர்த்து 1997-இல் புத்தகமாகவே வெளியிட்டார். 2001-இல் பத்து வருஷ அனுபவத்தின் பலன்களைச் சக ஆசிரியை ஒருவருடன் சேர்ந்து எழுதினார். முன்னைவிட மாணவர்கள் தெளிவாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். அரிஸோனாவில் இருவர் தாங்கள் கண்டதை மறைக்காமல் எழுதினார்கள். அது ஹார்வர்டில் ஒருவர் கண்ணைத் திறந்தது. அவர் எழுதியது இன்னும் பல தேசத்துப் பௌதிக வகுப்புகளை மாற்றியது.

துண்டுக் காகிதம்

அதே ஹார்வர்டில் பிரெடரிக் மாஸ்டெல்லர் என்ற புள்ளியியல் பேராசிரியர் இருந்தார். அவர் செய்தது இன்னும் எளிது. வகுப்பின் கடைசிச் சில நிமிஷங்களில் மாணவர்களிடம் துண்டுக் காகிதத்தில் எழுதித் தரச் சொல்வார். இன்றைய பாடத்தில் முக்கியமானது எது? எந்த இடம் கலங்கலாக இருந்தது? எதைப் பற்றி இன்னும் கேட்க ஆசை?

‘புரிந்ததா?’ என்று கேட்டால், ‘இல்லை’ என்று சொல்வதற்குத் தைரியம் வேண்டும். ‘எந்த இடம் கலங்கல்?’ என்று கேட்டாலோ, கலங்கல் இருப்பது சகஜம் என்று ஆசிரியரே ஒப்புக்கொண்டதாகிவிடுகிறது. வெட்கப்பட ஒன்றும் இல்லை. மாஸ்டெல்லர் இந்த அனுபவத்தை 1989-இல் எழுதினார். இப்படிப்பட்ட ஐம்பது உபாயங்களைத் திரட்டி ஆஞ்செலோ, கிராஸ் என்ற இருவர் 1993-இல் ஒரு கனமான புத்தகம் கொண்டுவந்தார்கள். ஆசிரியர்களுக்கு அது சமையல் குறிப்புப் புத்தகம் மாதிரி!

தனியாகப் படித்தவர்கள்

மூன்றாவது கதை பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா சர்வகலாசாலையில் நடந்தது. 1970-களில் யூரி ட்ரைஸ்மன் என்ற இளைஞர் அங்கே ஆராய்ச்சி மாணவர். பள்ளியில் நன்றாகப் படித்துவிட்டு வந்த கறுப்பு இன மாணவர்கள் நுண்கணிதத்தில் மட்டும் ஏன் தோற்றுப்போகிறார்கள் என்று அவருக்குக் கவலை.

ஆசிரியர்களைக் கேட்டார். ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள்: ஊக்கம் போதாது, அடிப்படை போதாது, வீட்டில் பணம் இல்லை, பெற்றோருக்கு அக்கறை இல்லை! நம் ஊரில் காதில் விழும் பேச்சுப் போலவே இருக்கிறது, இல்லையா?

ட்ரைஸ்மன் அதோடு விடவில்லை. கறுப்பு இன மாணவர்கள் இருபது பேரையும், நன்றாகச் செய்துவந்த சீன வம்சாவளி மாணவர்கள் இருபது பேரையும் தேர்ந்தெடுத்து, அவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று கூடவே இருந்து கவனித்தார். ஆசிரியர்கள் சொன்ன காரணம் ஒன்றுகூடத் தேறவில்லை. பெற்றோருக்கு அக்கறை ஏராளமாக இருந்தது. வித்தியாசம் வேறு இடத்தில் இருந்தது. சீன மாணவர்கள் முதலில் தனியே படித்துவிட்டு, பிறகு ஒன்றுகூடி, ஒருவர் கணக்கை ஒருவர் திருத்தினார்கள். கறுப்பு இன மாணவர்களோ அநேகமாக எல்லோரும் தனியாகவே படித்தார்கள். தவறு எங்கே என்று சொல்ல ஆள் இல்லை. தனக்கு மட்டுந்தான் வரவில்லை என்ற எண்ணம் வேறு.

அவர்களை ‘மந்தம்’ என்று பிரித்து எளிய கணக்குகள் கொடுக்கவில்லை ட்ரைஸ்மன். கடினமான கணக்குகளைக் கொடுத்து, சேர்ந்து உட்கார்ந்து போடச் சொன்னார். அந்தக் குழுவில் இருந்தவர்கள், அதில் சேராத மற்ற இன மாணவர்களைக் காட்டிலும் நன்றாகச் செய்தார்கள். 1992-இல் கல்லூரிக் கணித ஆசிரியர்களுக்கான பத்திரிகை ஒன்றில் இந்தக் கதை முழுவதும் வெளிவந்தது. காரணத்தை ஊகித்துத் தவறிய ஆசிரியர்களின் கதையும் அதில் சேர்த்தி.

நம் ஊரில்

பகிர்ந்துகொள்வது நமக்குப் புதிது அல்ல. 1907-ஆம் வருஷம், அன்றைய சென்னை ராஜதானியைச் சேர்ந்த குத்தியில் டெபுடி கலெக்டராக இருந்த வி. ராமஸ்வாமி அய்யர், கணிதத்தில் ஆசை கொண்ட நண்பர்களைச் சேர்த்து ஒரு சங்கம் ஆரம்பித்தார். கணிதப் பத்திரிகைகளை வரவழைத்துத் தபாலில் ஒருவர் மாற்றி ஒருவருக்கு அனுப்பிப் படிப்பது அதன் வேலை. நல்ல நூல்நிலையம் இல்லாத ஊரில் இருந்த கல்லூரி ஆசிரியர்களுக்கு அது எப்பேர்ப்பட்ட வரப்பிரசாதம்! அதுவே இந்தியக் கணிதச் சங்கமாக வளர்ந்தது. 1911-இல் ராமானுஜனின் எழுத்தை முதன்முதலாக அச்சில் கொண்டுவந்ததும் அந்தச் சங்கத்தின் பத்திரிகைதான்.

இன்று தபாலுக்குக் காத்திருக்க வேண்டாம். ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் விஞ்ஞானக் கழகமும் சேர்ந்து 2003-இல் தொடங்கிய திட்டத்தினால், பெரிய பேராசிரியர்களின் பாடங்களைக் கைபேசியிலேயே காசில்லாமல் பார்க்கலாம். பாடத்துக்குப் பஞ்சம் இல்லை. அருமையாக இருப்பது வேறொன்று: ‘என் வகுப்பில் இந்த இடத்தில் எல்லோரும் விழித்தார்கள், நான் இப்படிச் செய்து பார்த்தேன்’ என்று ஒரு ஆசிரியர் இன்னொரு ஆசிரியரிடம் சொல்வது.

அது இப்போது அவசியம். அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் கல்லூரியில் சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் ‘புதுமைப் பெண்’ திட்டம் 2022-இல் தமிழ்நாட்டில் தொடங்கியது. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறும் பெண்கள் எத்தனையோ பேர். வாசல் வரை வருவதற்குப் பணம் உதவும். உள்ளே உட்கார்ந்த பிறகு, புரியாமலே தலையாட்டிவிட்டு வீட்டுக்குத் திரும்பாமல் இருக்க வேறு உதவி வேண்டும்.

இதைப் படிக்கும் ஆசிரியைகள் நாளைக்கே துண்டுக் காகிதம் கொடுத்துப் பார்க்கலாம். எந்த மொழியிலும் எழுதலாம் என்று சொல்லுங்கள். அதில் கண்டதைப் பக்கத்து வகுப்பு ஆசிரியையிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

தாய்மார்களுக்கும் வேலை உண்டு. பெண் கல்லூரியிலிருந்து வந்து காப்பி குடிக்கும்போது, “நல்லாப் படிக்கிறியா?” என்று கேட்காதீர்கள். அதற்கும் தலைதான் ஆடும். “இன்னிக்கு எது புரியலை?” என்று கேளுங்கள். உங்களுக்கு அந்தப் பாடம் தெரியாவிட்டால் பாதகமில்லை. அவளுடைய சிநேகிதிகள் இரண்டு பேர் சேர்ந்து படிக்க வந்தால், “அரட்டை அடிக்கவா வந்தீங்க?” என்று விரட்டாமல் ஆளுக்கொரு டம்ளர் காப்பி கொடுங்கள்.

என் சிநேகிதியின் கையில் அந்தத் துண்டுக் காகிதம் ஒரு நாளாவது வந்திருந்தால் அவள் என்ன எழுதியிருப்பாள் என்று சில சமயம் யோசிக்கிறேன். நிச்சயமாகத் தமிழில்தான் எழுதியிருப்பாள். அந்தப் பாட்டியையும் பஸ்ஸையும்கூட எழுதியிருப்பாள். எங்கள் பேராசிரியை அதைப் படித்துவிட்டு, மறுநாள் அவளையே எழுப்பி நிறுத்தி எங்கள் அறுபது பேருக்கும் சொல்லச் சொல்லியிருப்பார். அவர் அப்படிப்பட்டவர்தான். அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.