வழியிடை உணவு

தில்லியில் வாழும் தமிழர்களில் சிலர் இப்போது சொந்தக் காரிலேயே ஊருக்குப் போய் வருகிறார்கள். ஆக்ரா, குவாலியர், ஜான்சி, சாகர், நாகபுரி, அதிலாபாத், ஹைதராபாத், கர்நூல், அனந்தபூர், பெங்களூரு, சேலம் என்று நீளும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் பெட்ரோலுக்குக் குறைவில்லை, தங்கவும் இடமுண்டு. எங்கே உண்பது என்பதுதான் கேள்வி. அக்கேள்விக்கு நாங்கள் இருவரும் முதற் பிரயாணத்தில் கண்ட விடை தவறானது. அதற்கு நாங்கள் கொடுத்த விலையும் சிறிதன்று.

மதுரையில் எங்கள் மருமகளுக்குத் திருமணம். ஐந்து நாளில் போய்ச் சேர்வதாகக் கணக்கு. ஜான்சியைக் கடந்த பின், பிற்பகல் மூன்று மணியளவில், சாலையோரத்தில் நம்மூர்ச் சிற்றுண்டி கிடைக்கும் என்ற பலகை ஒன்று தென்பட்டது. கண்டதும் உள்ளம் குளிர்ந்தது. இட்டிலியும் தேங்காய்ச் சட்டினியும் உண்டோம். அன்றிரவு சாகரில் எங்கள் இல்லத்தரசியாருக்கு வாந்தியும் காய்ச்சலும் கண்டன. மறுநாள் முழுதும் மருத்துவர் இல்லத்திலும் விடுதி அறையிலுமாகக் கழிந்தது. மதுரை மண்டபத்தில் நாங்கள் நுழைந்தபோது தாலி கட்டி முடிந்து முதற் பந்தி நடந்துகொண்டிருந்தது.

பிற்பாடு நிதானமாக எண்ணிப் பார்த்தோம். அந்தப் பகுதியில் தென்னை கிடையாது. தேங்காய் நெடுந்தொலைவிலிருந்து வர வேண்டும். அதைக் கேட்போரும் நம்மைப் போன்ற வழிப்போக்கர் சிலரே. ஆகவே காலையில் அரைத்த சட்டினி மாலைவரை வெப்பத்தில் கிடந்திருக்கும். சமைத்த பண்டத்தை 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகவோ 5 டிகிரிக்குக் கீழே குளிர்ச்சியாகவோ வைத்திருக்க வேண்டும் என்பது உணவுத் துறையார் கூறும் விதி. இடைப்பட்ட வெப்பத்தில் கிருமிகள் விரைந்து பெருகும். அரைத்து வைத்த சட்டினிக்கு அடுப்பின் காவலும் இல்லை. கடைக்காரர் கெட்ட எண்ணம் உடையவர் என்று சொல்ல மாட்டோம். அவர் விற்றது அந்த ஊரார் அன்றாடம் உண்ணாத பண்டம், அவ்வளவே.

திரும்பும் பயணத்தில் வேறொரு வழக்கத்தைக் கைக்கொண்டோம். அந்தந்த மண்ணில் விளைவதை, அந்தந்த ஊரார் உண்ணும் வேளையில், அவர்கள் உண்ணும் இடத்தில் உண்பது என்று முடிவு செய்தோம்.

சொல்வது எளிது, அவ்விடத்தைக் கண்டுபிடிப்பது எப்படி? நால்வழிச் சாலை வந்தபின் பல ஊர்களைச் சுற்றிப் புறவழிச் சாலைகள் அமைந்துவிட்டன. அவற்றின் ஓரத்தில் கண்ணாடிச் சுவருடன் நிற்கும் உணவகங்களுக்கு இன்று வந்தவர் நாளை வரப்போவதில்லை. ஊருக்குள் இருக்கும் கடைக்கோ நேற்று உண்டவரே இன்றும் வர வேண்டும். கெட்ட பண்டத்தை இட்டால் அடுத்த வாரம் கடை இராது. ஆகையால் சாலையை விட்டு இரண்டு கிலோமீட்டர் உள்ளே போவதற்கு நாங்கள் அஞ்சுவதில்லை. கைபேசி காட்டும் நட்சத்திரங்களையும் நாங்கள் பார்ப்பதுண்டு. ஆனால் அவற்றுள் பலவும் வழிப்போக்கர் இட்டவையே. லாரிகள் நிற்கும் தாபாவில் உணவு நன்றாயிருக்கும் என்பர்; பெரும்பாலும் உண்மைதான். எனினும் லாரி நிறுத்தப் பரந்த இடம் இருப்பதனாலேயே கூட்டம் சேர்ந்த தாபாக்களும் உண்டு.

இங்கே மொழிபெயர்ப்பாளர் தொழிற்புத்தி சற்றுத் தலைகாட்டுவதைப் பொறுத்தருள வேண்டும். நாம் ‘ஹோட்டல்’ என்றால் சாப்பாட்டுக் கடை. ஹிந்தி வட்டாரத்தில் அதே சொல்லைச் சொன்னால் பெரும்பாலும் தங்கும் விடுதியைக் காட்டுவார்கள். ‘நல்ல’ என்பதையும் சேர்த்தால் விலை மிகுந்த விடுதியைக் காட்டுவார்கள். மத்தியப் பிரதேசத்தில் ‘போஜனாலய்’ என்ற பலகையையும், மகாராஷ்டிரத்தில் ‘கானாவள்’ என்ற பலகையையும், தெலுங்கு நாட்டில் ‘மெஸ்’, ‘டிபன் சென்டர்’ என்பவற்றையும் தேட வேண்டும். அதனினும் சிறந்தது, பெட்ரோல் போடும் இளைஞரிடம், “தம்பி, நீங்கள் எங்கே சாப்பிடுவீர்கள்?” என்று அவர் மொழியிலேயே கேட்பது. நல்ல இடம் எது என்று கேட்டால் அவர் நம் காரைப் பார்த்து விடை சொல்வார். அவர் உண்ணும் இடம் எது என்றால் உள்ளதைச் சொல்வார்.

அவ்விதம் கேட்டுக் கேட்டே வடக்கு நோக்கிச் சென்றோம். அனந்தபூரில் மழை குறைவு; செம்மண்ணில் நிலக்கடலையும் கேழ்வரகும் விளையும். அங்கே ஒரு சிறு மெஸ்ஸில் அரிசியும் கேழ்வரகு மாவும் சேர்த்துக் கிளறிய சங்கடி உருண்டையை நிலக்கடலைச் சட்டினியுடன் இட்டனர். நம் களிக்கு உடன்பிறந்ததுதான். அதிலாபாத்தில் மண் கரிசலாக மாறிவிடுகிறது. பருத்திக் காடுகளுக்கிடையே சோளம் விளைகிறது. அங்கே ஒரு மூதாட்டியார் சோள ரொட்டியைக் கையால் தட்டி, கல்லிலிருந்து எடுத்த சூட்டிலேயே புளிச்சக்கீரைப் பருப்புடன் பரிமாறினார். இன்னும் ஒன்று வேண்டுமா என்று தெலுங்கில் கேட்டபோது எங்கள் இல்லத்தரசியார் தமிழிலேயே “போதும் அம்மா” என்றார். அந்த அம்மையார் அதைப் பொருட்படுத்தாமல் மற்றொன்றையும் இட்டுவிட்டார்.

பெண்கங்கை ஆற்றைக் கடந்தால் மகாராஷ்டிரம். நாகபுரியில் காலை உணவு அவல். தாளித்த அவலின்மேல் கொண்டைக்கடலையிட்ட காரக் குழம்பை ஊற்றித் தருகிறார்கள். ‘தர்ரி போஹா’ என்பது பெயர். பத்து மணிக்குப் பின் போனால் நன்றாயிராது. முதல் நாள் தாமதித்துப் போய் ஆறிய அவலைத் தின்றோம். மறுநாள் ஏழரை மணிக்குப் போனபோது அது வேறு பண்டமாகவே தோன்றியது. ஹல்பா கோஷ்டி நெசவாளர் வகுப்பினரின் ‘சாவ்ஜி’ உணவும் இந்நகருக்குரியது. அதன் காரத்தின் முன் எங்கள் ஆந்திர அனுபவம் செல்லாக் காசாயிற்று. சாகரில் சாரப்பருப்புப் பர்பி வாங்கினோம். ஊரின்மேல் இருந்த கசப்பு அதனால் ஓரளவு தீர்ந்தது. மொரேனாவில் எள்ளும் வெல்லமும் இடித்துச் செய்யும் கஜக்கைக் குளிர்காலத்தில் உண்ண வேண்டும் என்கிறார்கள்; நாங்கள் போனது வைகாசி மாதம்.

ஆக்ராவில் காலை எட்டு மணிக்கு ஒரு குறுகிய தெருவில் வரிசையில் நின்றோம். கோதுமை நாடு வந்துவிட்டது. வாணலியிலிருந்து எடுத்த ‘பேடயி’ என்னும் பூரியை உருளைக்கிழங்குக் குழம்புடன் தொன்னையில் கொடுத்தார்கள். உள்ளே வைத்த பூரணம் என்னவென்று எங்கள் இல்லத்தரசியார் விசாரித்தார். ஊறவைத்துக் கொரகொரப்பாக அரைத்த உளுந்து. அதில் சோம்பும் பெருங்காயமும். கடைக்காரர் மேற்கொண்டும் விளக்கினார். எங்களுக்குப் பின்னால் நின்றவர்கள் பொறுமை இழக்கும்வரை அந்த உரையாடல் நீடித்தது.

இப்போதெல்லாம் தில்லியில் எங்கள் வீட்டில் சனிக்கிழமை இரவு இட்டிலிக்கு உளுந்து அரைக்கும்போது ஒரு கைப்பிடி தனியே எடுத்து வைக்கப்படுகிறது.