யந்திர யுகத்து ஆரூடங்கள்

ஆண்டுதோறும் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவரும் நாட்களில், வெளி மாநிலங்களில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களில் ஒரே கேள்விதான் அடிபடுகிறது. எந்தப் படிப்பில் சேர்த்தால் பிள்ளைக்கு இருபது ஆண்டு கழித்தும் உத்தியோகம் நிலைக்கும்? செயற்கை நுண்ணறிவு என்னும் புதிய யந்திரம் வந்தபின் இக்கேள்வியில் அச்சமும் கலந்துவிட்டது. பொறியியல் பயிலும் மாணவராகிய நம்மிடமும் பெரியவர்கள் இதைக் கேட்கின்றனர். மூன்றாம் ஆண்டு மாணவனிடம் இதற்கு விடை இருக்கும் என்று அவர்கள் எண்ணுவது வியப்பே. ஆயினும் அவர்கள் விளையாட்டாகக் கேட்கவில்லை. வங்கிக் கடனும், ஊரில் எஞ்சியுள்ள காணியும், பதினைந்து ஆண்டுச் சேமிப்பும் அந்த ஒரு முடிவையே நம்பி நிற்கின்றன. ஆதலின், வருங்காலத்தைப் பற்றி முன்னோர் கூறிய ஆரூடங்கள் எவ்வளவு தூரம் பலித்தன என்பதை ஆராய்ந்து பார்க்கலாம் என்று தோன்றிற்று.

முதலில் ஒரு பொய்யை ஒதுக்கிவிடுவோம். உலகம் முழுவதற்கும் ஐந்து கம்ப்யூட்டர்கள் போதும் என்று ஐ.பி.எம். நிறுவனத் தலைவர் தாமஸ் வாட்சன் 1943-இல் கூறியதாக ஒரு செய்தி உண்டு. மாணவர் கட்டுரைப் போட்டிகளில் இது இடம்பெறாத ஆண்டே இல்லை எனலாம். அவர் அவ்வாறு கூறியதற்குச் சான்று எதுவும் இதுவரை கிடைத்ததில்லை. பலிக்காத ஆரூடங்களைக் கண்டு நகைப்பதில் நமக்குள்ள ஆசை, கூறப்படாதவற்றையும் கூறியதாக்கி விடுகிறது!

உண்மையாகவே கூறப்பட்டு, வியக்கத்தக்க வகையில் பலித்த ஆரூடமும் உண்டு. 1945 அக்டோபரில், இங்கிலாந்தின் ‘ஒயர்லெஸ் வேர்ல்ட்’ என்னும் பத்திரிகையில் ஆர்தர் சி. கிளார்க் ஒரு கட்டுரை வெளியிட்டார். பூமத்திய ரேகைக்கு மேல் ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு நிலையத்தை நிறுத்தினால், அது பூமி சுழலும் வேகத்திலேயே சுற்றிவரும். கீழிருந்து பார்ப்போருக்கு அசையாமல் நிற்பதுபோலத் தோன்றும். மூன்று நிலையங்கள் இருந்தால் உலகம் முழுவதற்கும் ஒலிபரப்பலாம் என்று அதில் விளக்கினார். அப்போது செயற்கைக் கோள் ஒன்றுகூட விண்ணில் இல்லை. 19 ஆண்டுகளுக்குப் பின், 1964-இல், சின்காம்-3 என்னும் கோள் அவ்வாறே நிறுத்தப்பட்டது. 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டுக் காலம், அமெரிக்கா இரவலாகத் தந்த ஒரு கோளின் துணைகொண்டு, இந்தியாவின் ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி சென்றது. அந்நிகழ்ச்சிகளைக் காணக் கொழும்பு நகரில் வசித்த கிளார்க்கின் இல்லத்திலேயே நம் நாட்டு விஞ்ஞானிகள் ஓர் ஏற்புக் கருவியை அமைத்துக் கொடுத்தனர். தாம் கண்ட கனவைத் தம் வீட்டு மாடியிலேயே காணும் பேறு எத்தனை பேருக்கு வாய்க்கும்?

ஆனால் அதே கிளார்க், விண்ணிலுள்ள நிலையத்தில் மனிதர்கள் தங்கிப் பணிபுரிவர் என்றே எண்ணியிருந்தார். அக்காலத்து ரேடியோக் கருவிகள் வால்வுகளால் ஆனவை. வால்வுகள் அடிக்கடி பழுதாகும். மாற்றுவதற்கு ஆள் வேண்டுமன்றோ? 1947 இறுதியில் டிரான்சிஸ்டர் பிறந்ததும் அந்த ஆளுக்கு வேலையில்லாமற் போயிற்று. கோள் நிற்கும் இடத்தைக் கணக்கிட்டறிந்த பேரறிஞருக்கும், அங்கே யாருக்கு வேலை இருக்கும் என்பது தெரியாமற் போயிற்று. நம் பெற்றோர் கேட்கும் கேள்வியும் அந்த இரண்டாவது வகையைச் சார்ந்ததே.

முகம் பார்த்துப் பேசும் தொலைபேசியின் கதையும் இத்தகையதே. 1964-இல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் அமெரிக்காவின் பெல் தொலைபேசி நிறுவனத்தார் அதனைக் காட்டினர். 1970-இல் பிட்ஸ்பர்க் நகரில் வியாபாரமும் தொடங்கிற்று. மாத வாடகை 160 டாலர். கம்பெனி அதிகாரிகள் தம் அறையிலிருந்தே ஆலோசனை நடத்துவர் என்பது எதிர்பார்ப்பு. வாங்குவாரில்லை. பேசும் நண்பரிடமும் அக்கருவி இருந்தாலன்றோ பயன்? சில ஆண்டுகளில் அது மூடுவிழாக் கண்டது. கைப்பேசியும் இணையமும் மலிவடைந்த பின்பு, நம் நாட்டில் குறிப்பாக 2016-க்குப் பின், அதே வசதி வீடுதோறும் வந்தது. திருநெல்வேலியில் பாட்டி திரையில் பேத்தியின் நாட்டியத்தைப் பார்க்கிறார். தில்லியில் மகன் வளைகாப்பைக் காண்கிறான். கருவியைக் கற்பனை செய்தவர்கள் அதிகாரியின் மேசையை நினைத்தார்களே தவிரப் பாட்டியை நினைக்கவில்லை. தூரத்தில் உள்ள பிள்ளையின் முகத்தைக் காண எவருக்கு ஆசை மிகுதி என்று கேட்டிருந்தால், பம்பாய்க்கு ரயிலேறிய எந்தத் தமிழரும் விடை கூறியிருப்பார்.

இனி நம்மவர் கதைக்கு வருவோம். மாதுங்காவிலும் தில்லிக் கரோல் பாகிலும் கல்கத்தாவிலும் தமிழர் குடியிருப்புக்கள் வளர்ந்ததற்குத் தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் ஒரு பெருங் காரணம். பள்ளி இறுதி வகுப்பை முடித்த கையோடு தெருக்கோடியில் உள்ள ‘இன்ஸ்டிட்யூட்’டில் சேர்ந்து, ‘லோயர்’, ‘ஹையர்’ என்னும் இரு தேர்வுகளையும் எழுதி, சான்றிதழைப் பெட்டியில் வைத்துக்கொண்டு புறப்பட்டவர்கள் எத்தனையோ பேர். நம் பெரியப்பாவும் அவர்களுள் ஒருவர். அக்காலத்தில் அதைவிட உறுதியான தொழில் எது? அரசாங்கம் விரிந்துகொண்டிருந்தது, கம்பெனிகள் பெருகின, 1955-இல் கோத்ரெஜ் நிறுவனம் தட்டெழுத்து யந்திரத்தை நம் நாட்டிலேயே செய்யத் தொடங்கியது. கடிதங்கள் உள்ளவரை தட்டெழுத்தர் இருப்பார் என்று எவரும் நம்பியிருக்கலாம். கடிதங்கள் குறையவில்லை, பன்மடங்கு பெருகின, தட்டெழுத்தர்தாம் இல்லை. கடிதத்தை எழுதுபவரே அடித்துக்கொள்ளும் நிலை வந்துவிட்டது. 2009-ஆம் ஆண்டோடு கோத்ரெஜ் தன் யந்திர உற்பத்தியையும் நிறுத்திக்கொண்டது.

ஆனால் இக்கதையை இங்கே முடித்தல் முறையன்று. யந்திரம் மறைந்தது, விரல்களில் இருந்த வித்தை மறையவில்லை. 1870-களில் அமெரிக்காவில் அமைக்கப்பட்ட எழுத்து வரிசையே இன்றும் கம்ப்யூட்டரின் விசைப்பலகையில் உள்ளது. பெரியப்பா ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் அவருடைய அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வந்தபோது, பட்டம் பெற்ற இளைஞர்கள் ஒற்றை விரலால் எழுத்தைத் தேடிக்கொண்டிருக்க, அவர் திரையைப் பார்த்தபடியே பத்து விரல்களாலும் அடித்தாராம். இதை அவர் இன்றும் சற்றுப் பெருமையுடனே கூறுவார். சுருக்கெழுத்தோ, நாடாளுமன்றத்திலும் நீதிமன்றங்களிலும் இன்னும் உயிரோடு இருக்கிறது. இரண்டில் எது நீடிக்கும் என்று அன்று பந்தயம் கட்டியிருந்தால் எவர் வென்றிருப்பார்?

கம்ப்யூட்டர் வரும்முன் எழுந்த அச்சமும் சிறியதன்று. 1960-களில் கல்கத்தாவில் ஆயுள் காப்பீட்டுக் கழக ஊழியர்கள் அந்த யந்திரத்தை உள்ளே விடாமல் காவல் நின்று போராடினர். அவர்களை மூடர் என்று இகழ்வது தகாது. ஒரு யந்திரம் நூறு குமாஸ்தாக்களின் கணக்கை எழுதும் என்று அவர்கள் அறிந்தது சரியே. ஆயினும் வங்கிகளை எடுத்துக்கொண்டால் வேறொரு மாறுதல் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1969-இல் 14 வங்கிகள் தேசியமயமாக்கப்பட்டபோது நாட்டில் சற்றேறக்குறைய 8,000 கிளைகள் இருந்தன. 1990-இல் அவை 60,000-ஐ நெருங்கின. இடையில், 1984-இல், டாக்டர் சி. ரங்கராஜன் தலைமையிலான குழு வங்கிகளில் கம்ப்யூட்டரைப் புகுத்தும் வழியை வகுத்தது. 1985-இல் புது தில்லியில் ரயில் முன்பதிவுக்கும் அது வந்தது. வேலை அடியோடு போய்விடும் என்ற அச்சமும் பலிக்கவில்லை. எதுவும் மாறாது என்ற ஆறுதலும் பலிக்கவில்லை. பேரேட்டில் கூட்டல் போடும் வேலை போயிற்று. அந்த வேலைக்கென எழுத்துத் தேர்வு எழுதிக் காத்திருந்த இளைஞனுக்குப் பின்னர் அந்த வாயில் திறக்கவே இல்லை. நாற்காலியில் இருந்தவரை எவரும் எழுப்பவில்லை. அவர் எழுந்தபின் அந்த நாற்காலியை எடுத்துவிட்டனர். போராட்டங்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இதைக் கவனிப்பதில்லை.

இவற்றினும் விசித்திரமானது 2000-ஆம் ஆண்டுக் கோளாறு. தொடக்க காலத்துக் கம்ப்யூட்டர்களில் நினைவகம் மிகுந்த விலையுள்ளது. துளையிட்ட அட்டையில் 80 எழுத்துக்கள்தாம் கொள்ளும். ஆகவே 1965 என்பதை வெறும் 65 என்றே எழுதிவந்தனர். தாம் எழுதும் நிரல் நூற்றாண்டு முடியும்வரை உழைக்கும் என்று அவர்கள் கருதவில்லை. உழைத்தது! 00 என்பதை 1900 என்று யந்திரம் கொள்ளுமே என்ற கவலையில், 1990-களின் பிற்பகுதியில் உலகெங்கும் கோடிக்கணக்கான வரிகளைத் திருத்த ஆள் தேடினர். அந்தத் திருத்தும் பணியில் ஒரு பெரும் பகுதி இந்தியக் கம்பெனிகளுக்குக் கிடைத்தது. பெங்களூருக்கும் ஹைதராபாதுக்கும் அமெரிக்காவுக்கும் சென்ற நம் அண்ணன்மார் பலருக்கு முதற் சம்பளம் அதிலிருந்தே வந்தது. 1960-களில் எவரோ செய்த பிழையான ஆரூடம், முப்பது ஆண்டு கழித்துத் தஞ்சாவூர்ப் பையனுக்குச் சோறு போட்டது. இதை எந்தச் சோதிடர் கூறியிருக்க முடியும்?

இன்றைய ஆரூடங்களுக்கு வருவோம். செயற்கை நுண்ணறிவின் மூலவர்களுள் ஒருவரும், பின்னர் 2024-இல் பௌதிகத்திற்கான நோபல் பரிசு பெற்றவருமான ஜெஃப்ரி ஹின்டன், 2016-இல் ஒரு கருத்தைக் கூறினார். எக்ஸ்ரே முதலிய படங்களைப் படிக்கும் கதிரியல் மருத்துவர்களைப் பயிற்றுவிப்பதை இப்போதே நிறுத்திவிட வேண்டும்; ஐந்தாண்டில், அதிகம் போனால் பத்தாண்டில், யந்திரம் அவர்களை விஞ்சிவிடும் என்பது அதன் சாரம். படங்களைப் படிப்பதில் யந்திரம் உண்மையிலேயே பெரிதும் முன்னேறியுள்ளது. ஆயினும் அம்மருத்துவர்களுக்குத் தேவை குறையவில்லை. நோயாளியின் பழைய வரலாற்றை நோக்குதல், அறுவை மருத்துவரோடு கலந்து பேசுதல், ஐயமுள்ள இடத்தில் பொறுப்பேற்றுக் கையொப்பமிடுதல் ஆகியவையும் அவர்கள் பணியே.

இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்த்தோம். 2016-இல் நம் நாட்டில் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தவர் பட்டம் பெற ஐந்தரை ஆண்டு. கதிரியலில் மேற்பட்டம் பெற மேலும் மூன்று ஆண்டு. அவர் படித்து முடிப்பதற்குள் ஆரூடத்தின் காலக் கெடுவே முடிவை நெருங்கிவிட்டது. 22 வயதில் வேலைக்குச் சேர்ந்து 60-இல் ஓய்வு பெறுபவருக்கு 38 ஆண்டு உத்தியோகம் உண்டு. ஐந்தாண்டுக்குள்ளேயே தள்ளாடும் ஆரூடத்தை நம்பி 38 ஆண்டுக்குரிய முடிவைச் செய்வது எங்ஙனம்? ஆகவே கேட்பவர்களுக்கு நாம் கூறுவதெல்லாம் இவ்வளவே: பாடத்தின் பெயரைப் பாராமல், அதில் எவ்வளவு பகுதி இன்றைய கருவியைப் பழக்குகிறது, எவ்வளவு பகுதி கணிதம், மொழி, அளந்தறிதல் போன்ற பழைய வித்தைகளைப் பழக்குகிறது என்று பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். பிள்ளைக்கு எதில் மனம் ஊன்றுகிறது என்பதையும் கேளுங்கள். நம் தங்கை இவ்வாண்டு புள்ளியியல் படிக்க விரும்பினாள், அப்பாவுக்கு அரைமனம்தான், சேர்த்தாயிற்று.

யந்திரங்களைப் பற்றிய ஆரூடங்களைவிட, மனிதர் வாழ்வைப் பற்றிய ஆரூடங்களே பெரிதும் பிழைக்கின்றன. பொருளாதார அறிஞர் ஜான் மேனார்டு கெயின்ஸ் 1930-இல் ‘நம் பேரப்பிள்ளைகளின் பொருளாதார நிலை’ என்னும் பொருள் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். (அவருக்குப் பிள்ளைகளே இல்லை; ஊரார் பேரர்களைக் கருதி எழுதினார்!) நூறு ஆண்டுகளில் முன்னேறிய நாடுகளின் வாழ்க்கைத் தரம் நான்கு முதல் எட்டு மடங்கு உயரும் என்றார்; அது ஏறத்தாழப் பலித்தது. அதன் பயனாக, வாரத்திற்குப் பதினைந்து மணி நேர உழைப்பே போதுமானதாகிவிடும், மிகுந்த ஓய்வை எப்படிக் கழிப்பது என்பதே மக்களின் கவலையாக இருக்கும் என்றும் எண்ணினார். செல்வம் வந்தது, ஓய்வு வரவில்லை. மென்பொருள் கம்பெனியில் வேலை பார்க்கும் பெற்றோர் இரவு ஒன்பது மணிக்கு வீடு திரும்பி, மீண்டும் மடிக்கணினியைத் திறக்கும் வீடுகள் நம் குடியிருப்பில் பல உண்டு. மின் ஆட்டுக்கல்லும் துணி துவைக்கும் யந்திரமும் மிச்சப்படுத்திய நேரத்தை அலுவலகம் எடுத்துக்கொண்டது. யந்திரம் ஈட்டிய ஆதாயம் யார் கைக்குச் செல்லும் என்பதை யந்திரம் முடிவு செய்வதில்லை. அதைச் சட்டமும் சங்கங்களும் முதலாளிகளும் பேரம் பேசி முடிவு செய்கின்றனர். நம் கல்லூரிப் பாடத்திட்டத்தில் இதற்கு ஒரு தாள்கூட இல்லை.

கெயின்ஸ் குறித்த நூறாண்டு 2030-இல் நிறைவுறுகிறது. இந்தியாவில் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்திற்கு 48 மணி நேரம் என்று உழைப்புக்கு வரம்பு கட்டியது. அந்த எண் இன்னும் மாறவில்லை.