கடல் கடன் கொடுத்த நிலம்

நிலம் தன் வரலாற்றை நடப்பவரிடம் மட்டுமே மனம்விட்டுப் பேசும். ஊர்தியில் விரைபவருக்கு அது கண்ணில் பட்டு மறையும் ஒரு பச்சை நிறம். இங்கிலாந்தின் தென்கிழக்கு மூலையில், கெண்ட் மாவட்டக் கடலோரத்தில், ஏறக்குறைய 100 சதுர மைல் பரந்து கிடக்கும் ரோம்னி சதுப்பு நிலம் இதற்குச் சான்று. அங்கே குன்றில்லை, அருவியில்லை. புல்வெளி, ஆட்டு மந்தை, நாணல் அடர்ந்த வாய்க்கால், இவற்றின் மேல் கவிந்த பெரும் வானம், இவ்வளவே காட்சி. ஆயினும் ஓய்வு நாள்களில் கையில் வரைபடத்துடன் மக்கள் இங்கே நடக்க வருகின்றனர். எதைக் காண வருகின்றனர்? நாமும் அவர்களோடு சிறிது தொலைவு நடந்து பார்ப்போம்.

வாய்க்கால் காட்டும் வழி

தனியார் வயல்களின் ஊடே செல்லும் பழைய ஒற்றையடிப் பாதைகளை அந்நாட்டுச் சட்டம் பொதுவழியாகக் காக்கிறது. பதிவுபெற்ற பாதையில் எவரும் நடக்கலாம். ஆனால் இங்கே நடப்பது எளிதன்று. எதிரே ஆலயக் கோபுரம் தெரிகிறது. கால்மணி நேர நடைதான் என்று எண்ணுகிறோம். திடீரென ஆழமான வாய்க்கால் ஒன்று குறுக்கிடுகிறது. தாண்ட இயலாது. கரையோடு நடந்து, எங்கோ இருக்கும் பலகைப் பாலத்தைத் தேடவேண்டும். சதுப்பு நிலத்தில் வழியைத் தீர்மானிப்பது தண்ணீரே.

இந்த வாய்க்கால்களே நிலத்தின் உயிர்நாடி. இவை மழைநீரை வடித்துக் கடலுக்கு அனுப்பாவிட்டால் புல்வெளி மீண்டும் சேறாகிவிடும். நாம் மிதிக்கும் மண்ணில் பெரும்பகுதி கடலின் ஏற்ற மட்டத்தைவிடத் தாழ்ந்தது. தலைமுறை தலைமுறையாக மக்கள் கரை எழுப்பி, பகுதி பகுதியாக மீட்ட நிலம் இது. காண்டர்பரி பேராலயத் துறவியருக்கு இங்கே நிலங்கள் இருந்தன. மீட்கப்பட்ட பகுதிகளுள் ஒன்று, 1170இல் தம் பேராலயத்திலேயே வெட்டுண்டு மறைசாட்சியான பேராயர் புனித தாமஸ் பெக்கெட்டின் பெயரால் வழங்குகிறது.

கரையைக் காத்தவர் யார்? மக்களே. பொறுப்பாளர் 24 பேர் கரைகளையும் வாய்க்கால்களையும் மேற்பார்வையிட்டனர்; அவரவர் நிலத்தின் அளவுக்கேற்பச் செலவு பகிரப்பட்டது. நெடுங்காலமாக நிலவிய இவ்வழக்கத்தை 1252இல் மூன்றாம் ஹென்றி மன்னர் பட்டயம் அளித்து ஏற்றார். நம் பக்கத்துக் குடிமராமத்து நினைவுக்கு வருகிறதன்றோ!

தூணில் எழுதிய வெள்ளம்

கடன் கொடுத்த கடல் ஒருமுறை கடுமையாகத் திருப்பிக் கேட்டது. 1287இல் எழுந்த பெரும்புயல் நியூ ரோம்னி துறைமுகத்தை மணலாலும் கூழாங்கல்லாலும் மூடியது. ரோதர் ஆறு தன் பழைய முகத்துவாரத்தை விட்டு, ரை நகரின் பக்கம் திரும்பிவிட்டது. கப்பல் வந்த ஊர் இன்று கடலிலிருந்து ஒரு மைலுக்கு அப்பால் நிற்கிறது. அங்குள்ள புனித நிக்கோலாஸ் ஆலயத்தினுள் நுழையப் படியிறங்க வேண்டும். புயல் கொணர்ந்த வண்டலால் வெளித்தரை அவ்வளவு உயர்ந்துவிட்டது. உள்ளே தூண்களில் வெள்ளத்தின் கறையை இன்றும் காட்டுகின்றனர்.

ஊரில்லாத ஆலயம்

ரோம்னியில் நடப்பவர் நெஞ்சை அதிகம் தொடுவது ஃபேர்ஃபீல்டு ஆலயம். தாமஸ் பெக்கெட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட இச்சிற்றாலயம் புல்வெளி நடுவே தன்னந்தனியே நிற்கிறது. சுற்றிலும் ஆடுகள். அது சேவை செய்த ஊர் எங்கே? இல்லை. 1913இல் மண்பாதை அமைக்கப்படும்வரை, வெள்ளக் காலங்களில் வழிபட வருவோர் படகிலோ குதிரையிலோ வந்தனர். ஹோப், மிட்லி முதலிய இடங்களிலோ இடிந்த சுவர்களே எஞ்சியுள்ளன.

மக்கள் குறைந்ததற்குக் காரணம் பல. 14ஆம் நூற்றாண்டின் கொள்ளைநோய் ஒன்று. உழுத வயல்கள் ஆட்டு மேய்ச்சலாக மாறியது மற்றொன்று. தேங்கிய நீரில் பெருகிய கொசுக்கள் பரப்பிய முறைக்காய்ச்சல் 19ஆம் நூற்றாண்டு வரை மக்களை வாட்டியது. அதற்கு அஞ்சி நிலவுடைமையாளரும், ஆங்கிலிக்கன் குருக்களில் பலரும் மேட்டு நிலத்தில் குடியிருந்தனர். மந்தையை விட்டு அகலாதவர் கூலிக்கு ஆடு மேய்த்த ஏழை ஆயர்களே. ஆடு குட்டி ஈனும் காலத்தில் அவர்கள் தங்கிய சிறு செங்கல் குடில்களுள் சில இன்னும் உள்ளன. மேய்ப்புப் பணியைப் பற்றி மேடையில் பேசும் நாம் அக்குடில்களின் முன் சற்று நின்று செல்வது நல்லது.

புரூக்லண்டு ஆலயத்தில் 12ஆம் நூற்றாண்டின் ஈயத் திருமுழுக்குத் தொட்டி ஒன்றைக் காண்கிறோம். புல் அறுத்தல், கதிர் அடித்தல், திராட்சை பிழிதல் என ஆண்டின் 12 மாதங்களின் தொழில்கள் அதைச் சுற்றிப் பொறிக்கப்பட்டுள்ளன. உழைக்கும் மக்களின் பிள்ளைகள், உழைப்பின் உருவங்கள் சூழவே அருள்வாழ்வில் பிறந்தனர். வழிபாட்டையும் வயலையும் அம்மக்கள் பிரித்துப் பார்க்கவில்லை.

நடை முடியும் சுவர்

இறுதியாக டிம்சர்ச் கடற்சுவரின்மேல் ஏறுகிறோம். கடல் பொங்கும் வேளையில் ஒருபுறம் அலை உயரத்தில், மறுபுறம் வீடுகளும் வயல்களும் தாழ்வில்! முன்னாளில் களிமண்ணையும் முட்புதர்க் கட்டுகளையும் கொண்டு இச்சுவரைக் காத்தனர். பின்னர் கல் பதித்தனர். இந்நூற்றாண்டிலும் பெருஞ்செலவில் வலுப்படுத்தியுள்ளனர். உலகெங்கும் கடல்மட்டம் உயரும் இக்காலத்தில் இப்பணிக்கு ஓய்வு இல்லை. எந்தத் தலைமுறையும் சுவரைக் கட்டி முடித்துவிட்டோம் என்று சொல்ல இயலாது. ஒரு தலைமுறை அசட்டையாயிருந்தால், முன்னோர் மீட்ட அனைத்தும் அதன் கையிலேயே அழியும்.

நம் குடும்பங்களும் பங்குகளும் இப்படிப்பட்ட நிலங்களே. நாம் உலர்ந்த காலோடு நடப்பது, நமக்குமுன் யாரோ சேற்றில் நின்றதால். அவர்கள் கட்டிய கரையில் நம் பங்குக்குரிய நீளத்தை நாம் பழுதுபார்த்தோமா? நம் பிள்ளைகள் நடக்க நிலம் இருக்குமா என்பதை அதுவே முடிவுசெய்யும்.