விடிய விடிய ஆடியவர்க்கு ஒரு விருது

கோடை பிறந்துவிட்டால் செய்யாறு, வந்தவாசி வட்டாரத்துத் திரௌபதி அம்மன் ஆலயங்களில் கொடியேறிவிடும். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. பிரசங்கியார் பகலில் சொன்ன கதையைக் கூத்தர்கள் இரவில் விடிய விடிய ஆடிக் காட்டுவர். அர்ச்சுனன் தபசு அன்று வேடமிட்டவர் நெடிய மரத்தின் உச்சியில் அமர்ந்து பாடி, எலுமிச்சையும் விபூதியும் கீழே இடுவார். பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் ஈர உடையுடன் மடியேந்தி நிற்பர். அவ்வேளையில் அவர் நடிகர் அல்லர். பாசுபதம் வேண்டித் தவமிருக்கும் பார்த்தனே. நிறைவில், மண்ணால் பெரிதாகக் கிடத்திய துரியோதனன் உருவத்தின் மேல் படுகளம், அதன்பின் தீமிதி. தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டையில் குடியேறிய மூத்தோருள் பலர் இவற்றைக் கண்டு வளர்ந்தவர்களே.

செய்யாற்றை அடுத்த புரிசை, இக்கலையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவரும் சிற்றூர். அங்குத் தம்பிரான் குடும்பத்தில் தோன்றிய கண்ணப்ப தம்பிரான் நடிகர், பாடகர், ஆசிரியர். 1977இல் கூத்துப்பட்டறையைத் தோற்றுவித்த ந.முத்துசாமி, புரிசைக் கூத்தைக் கண்டு வியந்து அதன் பெருமையை எழுத்தால் நகரத்தார்க்கு உணர்த்தியவர். பட்டறையின் இளைஞர்களுக்குத் தம்பிரான் அடவும் பாட்டும் கற்பித்தார். அவர் மறைவுக்குப் பின் குடும்பத்தாரும் மாணாக்கரும் புரிசையிலேயே ஆண்டுதோறும் நினைவு நாடக விழா நடத்தி, அவர் பெயரால் மூத்த கலைஞர்களுக்கு விருது வழங்கிச் சிறப்பிக்கின்றனர்.

விருதுகள் மலிந்துவிட்ட காலம் இது. மாலைதோறும் ஏதேனும் ஒரு மண்டபத்தில் பொன்னாடை போர்த்தப்படுகிறது. இருப்பினும் இவ்விருதை நான் வேறாகவே எண்ணுகிறேன். ஆட்டத்தின் அருமை அறிந்தவர்கள், ஆடியவர் ஒருவரின் பெயரால், ஆடுவோருக்கு அளிப்பது இது. கனமான கிரீடமும் புஜகீர்த்தியும் தரித்து இரவெல்லாம் சுழன்றாடுவது முழங்கால்களை என்ன பாடுபடுத்தும் என்பது அவர்களுக்குத் தெரியும். முகவீணைக்காரர், மத்தளக்காரர், பின்பாட்டுப் பாடுவோர், கட்டியக்காரர் ஆகியோரில் ஒருவர் குறைந்தாலும் துரியோதனன் திரை நீக்கி வரமுடியாது என்பதும் தெரியும்.

வங்கிப் பணியில் கிராமக் கிளையொன்றில் இருந்தபோது கூத்தர் சிலர் கடன் விண்ணப்பங்களோடு வருவர். தொழில் என்ற கட்டத்தில் எல்லோரும் 'விவசாயம்' என்றே எழுதுவர். கூத்து என்று எழுதலாமே எனக் கேட்டேன். "அதை எழுதினால் கடன் கிடைக்குமா ஐயா?" என்று சிரித்தார் ஒரு முதியவர். முந்தைய வாரம் கர்ணனாக நின்று ஊரையே அழவைத்தவர் அவர்.

இப்போது நம் புறநகர் ஆலயங்களின் திருவிழா அழைப்பிதழ்களைப் புரட்டினால் மெல்லிசைக் கச்சேரி இருக்கிறது, பட்டிமன்றம் இருக்கிறது, கூத்து அரிதாகிவிட்டது. ஒலிபெருக்கிக்கு நேரக் கட்டுப்பாடு உண்டு, விடிய விடிய ஆட இடமில்லை என்பார்கள். உண்மைதான். ஆனால் மாலை ஆறு மணிக்குத் தொடங்கிப் பத்து மணிக்குள் முடியும்படி கர்ண மோட்சத்தையோ பாஞ்சாலி சபதத்தையோ சுருக்கி ஆடித்தரக் குழுக்கள் இசைகின்றன. ஆலயக் குழுக்களில் இருக்கும் அன்பர்கள் அடுத்த உற்சவத்திற்கு ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். தாம்பரத்திலிருந்து காஞ்சிபுரம் வழியாகச் செய்யாறு சென்றால், புரிசை அங்கிருந்து அதிக தூரமில்லை.